உள்ளே, உள்ளே, வெளியே, வெளியே

எங்கள் தொழிலில் புகார் எப்போதும் பட்டன் பேரில்தான் வரும். “சேவ் பட்டன் வேலை செய்யலீங்க.” “பிரிண்ட் ஒருக்கா அமுக்குனா ரெண்டு சீட்டு வருதுங்க.” “ஸ்டாப் அமுக்கறேன், நிக்க மாட்டேங்குதுங்க.” பட்டனுக்குப் பின்னால் ஒரு ஃபங்ஷன் இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் உடனே அதைத் திறந்து வரி வரியாகப் படிப்பார்கள். படித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்குங்ணா” என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. ஃபங்ஷனுக்குள் தப்பு இருக்காது. அதை யார் கூப்பிட்டது, எந்த நேரத்தில் கூப்பிட்டது, அந்த நேரத்தில் வேறு எது பாதி வேலையில் நின்றுகொண்டிருந்தது என்பதில்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில் மென்பொருள் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சரவணம்பட்டியும் விளாங்குறிச்சி டைடல் பார்க்கும் ஞாபகம் வரும். நான் பிழைத்தது அந்தப் பக்கம் இல்லை. எடைமேடைகள், பம்ப் கம்பெனிகளின் டெஸ்ட் பெஞ்சுகள், நூல் மில் லேப்கள், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள். அங்கெல்லாம் பஞ்சோ தூசியோ படிந்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் ஓடும் புரோகிராமை ஒருவரோ இருவரோ எழுதியிருப்பார்கள். எழுதியவர் இப்போது பெங்களூரில் இருப்பார், அல்லது அமெரிக்காவில். பிழை வந்தால் கூப்பிட உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். பையில் லேப்டாப், யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர், ஒன்பது பின் கேபிள், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி, பல்லடம், ஈரோடு, திருச்செங்கோடு என்று பஸ் ஏறுகிற சோலி என்னுடையது.

பாதிக்கு மேல் விஷுவல் பேசிக் 6. அது 1998-ல் வந்தது. அதில் எழுதுகிற கருவிக்கான ஆதரவை 2008-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் எழுதி முடித்த புரோகிராம் விண்டோஸ் 10-லும் ஓடுகிறது. அதனால் மாற்றலாமே என்று சொன்னால், “ஓடற எஞ்சினை எதுக்குங்க தம்பி பிரிக்கோணும்?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. மற்றவை சி ஷார்ப், பிறகு பைத்தான்.

பட்டனுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஃபங்ஷனுக்குக் கால்பேக் என்று பெயர். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண புரோகிராமில் நாம்தான் ஒவ்வொரு வேலையையும் வரிசையாகக் கூப்பிடுகிறோம். விண்டோ, பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் என்று வந்துவிட்டால் அந்த அதிகாரம் நம் கையை விட்டுப் போய்விடும். ‘இந்தப் பட்டனை அமுக்கினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உள்ளே ஒரு லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். மவுஸ் நகர்ந்தது, சாவி தட்டப்பட்டது, டைமர் முடிந்தது என்று வருகிற சேதிகளை ஒரு வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அதற்குரிய ஃபங்ஷனைக் கூப்பிடும். எடைமேடைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேடைமேல் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் நிற்க முடியும். பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் முன்னால் நிற்பது இறங்கினால்தான் அடுத்தது ஏறும். மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டால் ரோடு வரைக்கும் வரிசைதான்.

கால்பேக்கின் தொல்லை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1980-களில் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் டூல்கிட்டிலேயே ‘ஆட் கால்பேக்’ என்று ஓர் அழைப்பு உண்டு. அதில் ஃபங்ஷனோடு சேர்த்து, எந்த வகை என்று அடையாளம் இல்லாத ஒரு பாயின்டரையும் கொடுத்தனுப்பலாம். கொடுத்தது ஒன்று, எடுத்தது வேறொன்று என்றாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. கியூட்டி என்கிற நார்வேக்காரர்களின் டூல்கிட் 1995-ல் வெளிவந்தபோது சிக்னல், ஸ்லாட் என்று வேறு வழி பிடித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அங்கேயும் முழுக்க விடியவில்லை. ஸ்லாட்டின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் புரோகிராம் ஓடும்போது கறுப்புத் திரையில் ஒரு வரி எச்சரிக்கை போகும், அவ்வளவுதான். பட்டன் செத்துக் கிடக்கும். 2012 டிசம்பரில் கியூட்டி 5 வந்த பிறகுதான் அதைக் கம்பைலரே பிடிக்க வழி வந்தது.

இனி எடைமேடைக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் எடைமேடை இல்லாத மெயின் ரோடு இல்லை. தேங்காய், மஞ்சள், பருத்தி, மக்காச்சோளம், கோழித்தீவனம், பழைய இரும்பு என்று எல்லாம் மேடை ஏறித்தான் போகும். மேடைக்கு அடியில் லோடு செல்கள். கேபினில் சிவப்பு எழுத்தில் எடை காட்டும் இண்டிகேட்டர். இண்டிகேட்டரின் முதுகிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். அதில் எடை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். முதலில் ஒரு தொடக்கக் குறி, அடுத்து கூட்டலோ கழித்தலோ, பிறகு ஆறு இலக்கம், கடைசியில் ஒரு முடிவுக் குறி. இண்டிகேட்டருக்கு இண்டிகேட்டர் சின்ன வித்தியாசம் இருக்கும்.

விஷுவல் பேசிக்கில் அந்தக் கேபிளைக் கவனிக்க எம்எஸ்காம் என்று ஒரு கன்ட்ரோல். தகவல் வந்தால் ஆன்காம் என்கிற ஃபங்ஷனைக் கூப்பிடும். கூப்பிடும் என்று புத்தகத்தில் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் கூப்பிடாது. எத்தனை எழுத்து வந்தால் கூப்பிட வேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். அது சுழியமாகவே விடப்பட்டிருந்தால் எவ்வளவு தகவல் வந்தாலும் ஆன்காம் சும்மா இருக்கும். கேபிளை மாற்றி, இண்டிகேட்டரை மாற்றி, கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்ட முதலாளி உண்டு. சுழியத்தை ஒன்று ஆக்கியதும் எடை வந்தது. அதற்குப் போய் காசு கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

இதைவிட மோசமானது, பாதி எடை. ஆன்காம் எப்போது கூப்பிடப்படும் என்பதற்கும் எடை எப்போது முழுசாக வந்து சேரும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு எழுத்து வந்திருக்கும்போதும் கூப்பிடும், ஒன்றரை எடை சேர்ந்த பிறகும் கூப்பிடும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்து மேடையில் ஒரு லோடு 12,450 கிலோ என்று இண்டிகேட்டரில் அசையாமல் நிற்கிறது. கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் மட்டும் அவ்வப்போது 124 என்று மின்னி மறைகிறது. அந்த மின்னல் நேரத்தில் சேவ் பட்டனை அமுக்கினால் சீட்டில் 124 கிலோ விழும். ஆபரேட்டர் கெட்டிக்காரர். ஸ்கிரீனையே பார்த்திருந்து எண் நிலைக்கும்போது அமுக்கப் பழகிவிட்டார். அவர் லீவு எடுத்து மச்சினனை உட்கார வைத்த அன்றைக்குத்தான் புகார் வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் நான் முதலில் செய்வது, வருவதையெல்லாம் அப்படியே ஒரு ஃபைலில் எழுதுவது. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மணி, நிமிடம், நொடி, மில்லி நொடி, வந்த எழுத்துகள். அதைப் பார்த்ததும் கதை தெரிந்துவிடும். ‘0124’ ஒரு வரியில், ‘50’ அடுத்த வரியில். மருந்தும் பெரிய விஷயமில்லை. வந்த எழுத்துகளை ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முடிவுக் குறி கண்ணில் பட்டால் மட்டும், தொடக்கக் குறியிலிருந்து அதுவரை உள்ளதை எடை என்று எடுக்க வேண்டும். நீளம் பொருந்தவில்லையா, தூக்கி எறிந்துவிட வேண்டும். அடுத்த எடை ஒரு நொடிக்குள் வந்துவிடப் போகிறது, இழப்பதற்கு ஒன்றுமில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து முத்திரை வைப்பது இண்டிகேட்டருக்கும் மேடைக்கும்தான். கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் வரும் எண் அந்த முத்திரைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் வியாபாரி கையில் போவது கம்ப்யூட்டர் அடித்த சீட்டு. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான்.

இரண்டு சீட்டு வருகிற வியாதி இன்னும் பரவலானது. ஒரு லாரி, ஒரு எடை, அடுத்தடுத்த எண்ணில் இரண்டு சீட்டு. ஆடிட்டர் பார்த்தால் இரண்டு லோடு. இதற்கு இரண்டு வேறு காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதல் காரணம், ஒரே ஃபங்ஷனை இரண்டு தடவை கட்டிவைத்திருப்பது. சி ஷார்ப்பில் கூட்டல்-சமம் போட்டு ஒரு ஃபங்ஷனை நிகழ்ச்சியோடு இணைப்போம். அதை, விண்டோ கண்முன் வரும்போதெல்லாம் ஓடுகிற இடத்தில் எழுதிவைத்தால், விண்டோவை மறைத்து மறுபடி காட்டும்போது இன்னொரு முறை இணையும். ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று அது பார்க்காது. காலையில் ஒரு சீட்டு, மதியம் இரண்டு, சாயங்காலம் மூன்று என்று ஏறிக்கொண்டே போகிறது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது காரணம் டூஈவென்ட்ஸ். விஷுவல் பேசிக்கில் ஒரு வேலை நீளமாக இருந்தால் விண்டோ உறைந்துபோகாமல் இருக்க நடுவில் இந்த ஒரு வார்த்தையைப் போடுவார்கள். வரிசையில் காத்திருக்கும் சேதிகளைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வா என்று அர்த்தம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மெதுவாக இழுத்து அடித்துக்கொண்டிருக்கிறது. அது முடிகிற வரை ஒரு லூப்பில் டூஈவென்ட்ஸ் ஓடுகிறது. ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆபரேட்டர் இன்னொரு தடவை அமுக்குகிறார். முதல் அழைப்பு முடிவதற்குள் அதே ஃபங்ஷனுக்குள் இரண்டாவது அழைப்பு நுழைந்துவிடுகிறது. மேடைமேல் லாரி நிற்கும்போதே இன்னொன்றை ஏற்றுகிற வேலை.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சின்ன வித்தை வைத்திருக்கிறேன். எனக்குச் சோறு போட்ட வித்தைகளில் இதுதான் முதல். ஃபங்ஷனின் முதல் வரியில் ‘உள்ளே’ என்று லாகில், அதாவது அந்தப் பதிவு ஃபைலில், எழுது. கடைசி வரியில் ‘வெளியே’ என்று எழுது. தொல்லை வந்த நேரத்து லாகைப் படி. ‘உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே’ என்று இருந்தால் இரண்டு தடவை கூப்பிடப்பட்டிருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக. எங்கேயோ இரண்டு தடவை இணைத்திருக்கிறார்கள், அல்லது ஆபரேட்டர் உண்மையிலேயே இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார். நடுவில் எத்தனை மில்லி நொடி என்று பார்த்தால் அதுவும் பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் ‘உள்ளே’யும் இரண்டாவது ‘உள்ளே’யும் ஒரே மூச்சில் வந்திருந்தால் மனிதக் கையால் முடியாத வேகம் அது. ‘உள்ளே, உள்ளே, வெளியே, வெளியே’ என்று இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கிறது. டூஈவென்ட்ஸைத் தேடு. டிபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்து இதைப் பிடிக்கப் போனால் பிடிபடாது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது அந்த நெருக்கடி நேரமே உருவாகாது. நேரத்தில் விளைகிற பிழைக்கு டிபக்கரை விட லாக்தான் உதவும் என்று பையன்களிடம் சண்டை போட்டே சொல்வேன். டிபக்கர் கெட்டது என்று இல்லை.

பட்டனை முதல் வரியில் செயலிழக்க வைத்து, கடைசி வரியில் உயிர் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். டூஈவென்ட்ஸ் இருக்கிற இடத்தில் அது போதும். லூப்பையே அடைத்துக்கொண்டு ஓடுகிற ஃபங்ஷனில் போதாது. அடைபட்டிருந்த நேரத்தில் விழுந்த கிளிக்குகள் காணாமல் போவதில்லை, வரிசையில் நிற்கின்றன. ஃபங்ஷன் முடிந்து லூப் அவற்றை எடுத்துப் பார்க்கும்போது பட்டன் ஏற்கெனவே உயிரோடு இருக்கும். கிளிக் செல்லுபடியாகிவிடும். அதனால் உயிர் கொடுக்கும் வேலையையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும்படி ஒரு சின்ன டைமரில் போட வேண்டும். பழைய கிளிக்குகள் செத்த பட்டன்மேல் விழுந்து தொலைந்த பிறகு அது வரும்.

பம்ப் பக்கம் வேறு உலகம். கணபதி, பீளமேடு, குறிச்சி, நீலாம்பூர் எங்கு திரும்பினாலும் மோட்டாரோ பம்போ செய்கிற பட்டறை ஒன்று இருக்கும். ஆழ்குழாயில் இறக்கும் சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, மோனோசெட்டுக்கு ஐஎஸ் 9079 என்று தர நிர்ணயம் உண்டு. அதன்படி ஓட்டிப் பார்க்க வேண்டும். வால்வை முழுதாக மூடி ஒரு அளவு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பல அளவுகள். ஒவ்வொன்றிலும் ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர், வாட். மீட்டர்களை ஆர்எஸ்-485 கம்பியில் மாலையாகக் கோத்து மோட்பஸில் படிப்பார்கள். முன்பு பேப்பரில் எழுதியதை இப்போது கம்ப்யூட்டர் எழுதுகிறது.

ஒரு பட்டறையில் இந்த வேலைக்கு ஒரு பைத்தான் புரோகிராம். கல்லூரிப் பையன்கள் எழுதிக் கொடுத்தது, டிகேஇன்டர் என்கிற டூல்கிட்டில். ஸ்டார்ட் பட்டனின் ஃபங்ஷனுக்குள்ளேயே மொத்த டெஸ்டும். வால்வைத் திறந்ததும் நீரோட்டம் நிலைக்க அரை நிமிடம் ஸ்லீப், பிறகு மீட்டரைப் படி, மறுபடி ஸ்லீப். அரை நிமிடம் என்பது மனிதனுக்குக் கொஞ்சம், விண்டோஸுக்கு அதிகம். ஐந்து நொடி ஒரு விண்டோ சேதிகளை எடுக்கவில்லை என்றால் அது தொங்கிவிட்டது என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். அதன்மேல் வெளிறிய ஒரு போலி விண்டோவைப் போர்த்தி, தலைப்பில் ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்று எழுதும். அந்தப் போலி விண்டோவின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் புரோகிராமையே மூடட்டுமா என்று கேட்கும். ஆபரேட்டர் மூடிவிடுவார். கம்ப்யூட்டர் போய்விடும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே நான் கொஞ்சம் குரல் உயர்த்தினேன். ஸ்கிரீனில் ஸ்டாப் என்று சிவப்பாக ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு கால்பேக்தான். ஸ்டார்ட்டின் ஃபங்ஷன் முடிந்து லூப் விடுபட்டால்தான் ஸ்டாப்பின் முறை வரும். எப்போது உயிர் போகிற அவசரமோ அப்போது வேலை செய்யாத பட்டன் அது. டெஸ்ட் பெஞ்சில் நிறுத்தும் பட்டன் கான்டாக்டரின் காயில் கம்பியாகப் போக வேண்டும், காளான் தலை வைத்த நிஜப் பட்டனாக, கை எட்டும் இடத்தில். ஸ்கிரீனில் இருப்பது வசதிக்கு மட்டும். முதலாளி எலக்ட்ரிகல்காரர், உடனே புரிந்துகொண்டார். “சாஃப்ட்வேர்க்காரரே சாஃப்ட்வேரை நம்பாதீங்கன்னு சொல்றீங்ளே” என்று சிரித்தார். அன்று சாயங்காலமே பட்டன் மாட்டியாகிவிட்டது.

புரோகிராமைச் சரிசெய்ய, அளவெடுக்கும் வேலையை, லூப்பை அடைக்காமல் பக்கத்தில் ஓடுகிற தனி த்ரெட்டுக்கு மாற்றினோம். மாற்றியதும் அடுத்த வியாதி தயாராக நிற்கும். அந்தத் த்ரெட் நேரே ஸ்கிரீனில் எழுதப் போகும். பத்து நாள் ஒழுங்காக ஓடி, பதினொன்றாம் நாள் காரணம் சொல்லாமல் விழும். டாட்நெட்டில் 2.0 வந்த பிறகு டிபக்கரில் ஓட்டும்போதே ‘வேறு த்ரெட்டிலிருந்து தொடாதே’ என்று கத்திச் சொல்லிவிடுகிறது. மற்ற இடங்களில் அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது. அளந்ததை ஒரு க்யூவில் போடச் சொல்லிவிட்டு, விண்டோவின் பக்கத்திலிருந்து ‘ஆஃப்டர்’ என்கிற டைமரால் சில மில்லி நொடிகளுக்கு ஒரு தடவை அந்தக் க்யூவைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் எனக்கு நிம்மதி தந்த ஏற்பாடு. அழகான வழிகள் வேறு இருக்கின்றன. இது ராத்திரி போன் வராத வழி.

சில பிழைகளைப் போனிலேயே சொல்லிவிடலாம். “பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடியே, புரோகிராம் தொறந்த உடனே ஒரு சீட்டு வருதுங்க. அப்புறம் பட்டன் அமுக்குனா வர்றதில்லீங்க” என்றால், பட்டனிடம் ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அடைப்புக்குறி போட்டால் அந்த வரியிலேயே அது ஓடி முடிந்துவிடும். பட்டன் கைக்கு வருவது அது விட்டுச்சென்ற வெறுமை மட்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் மெஷினுக்கு ஒரு பட்டன் என்று வரிசையாக இருந்தது. எதை அமுக்கினாலும் கடைசி மெஷினின் விவரமே திறந்தது. லூப்பில் எழுதிய லாம்டா, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷன். பட்டன்களை உண்டாக்கும்போது அது மெஷின் எண்ணைக் குறித்துக்கொள்வதில்லை, எண் இருக்கிற இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அமுக்குகிற நேரத்தில் அந்த இடத்தில் போய்ப் பார்த்தால் லூப் விட்டுப்போன கடைசி எண்தான் இருக்கும். லாம்டாவின் தலையிலேயே எண்ணை இயல்பு மதிப்பாகக் கட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. இது தெரிந்த பையனுக்கு ஒரு நிமிட வேலை, தெரியாதவனுக்கு ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அவன் ஃபங்ஷனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

போனில் சொல்ல முடியாதது, “அமுக்குனா ஒண்ணுமே ஆகலீங்க” என்பது. டிகேஇன்டரில் கால்பேக்குக்குள் பிழை வெடித்தால் புரோகிராம் சாகாது. கறுப்புத் திரையில் பிழைச் சேதி எழுதிவிட்டு லூப் தன்பாட்டுக்குச் சுற்றும். கறுப்புத் திரை அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் காட்டாத பைத்தான்டபிள்யூவில் ஓட்டியிருப்பார்கள். அப்போது பிழை எழுதப்பட இடமே இல்லை. விஷுவல் பேசிக்கில் இதற்கு நேர் எதிர். பிடிக்கப்படாத பிழை ஒன்று வந்தால் மொத்த எக்ஸியும் மூடிக்கொள்ளும். கியூட்டியைப் பைத்தானில் எழுத உதவும் பைக்யூட்டியும் 5.5-லிருந்து அந்தக் கட்சிக்குப் போய்விட்டது. எது நல்லது? ஆபரேட்டர்கள் மூடாமல் இருப்பதைத்தான் விரும்புவார்கள். நான் மூடுகிற கட்சி. டிகேஇன்டரில் எழுதிய எந்தப் புரோகிராம் என் கைக்கு வந்தாலும் முதலில் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன்’ என்பதைப் பிடித்து, பிழை முழுவதையும் தேதியோடு ஒரு ஃபைலில் எழுதி, ஸ்கிரீனிலும் சிவப்பாகக் காட்டும்படி செய்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் என்ன புகார் என்றே கேட்பேன்.

கல்லூரிகளில் இதைச் சொல்லித்தருவதில்லை என்று குறை சொல்ல மாட்டேன், சொல்லித்தர இடமில்லை. எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் பையன்களுக்குக் கால்பேக் முதலில் அறிமுகமானது கடைசி வருட புராஜெக்டில், மேட்லாபின் கைட் கருவியில். பட்டனை இழுத்துப் போட்டால் அதுவே ஃபங்ஷனின் கூட்டை எழுதிவிடும். ‘ஹேண்டில்ஸ்’ என்று ஒரு மூட்டையும் கையில் வரும். அந்த மூட்டை நகல்தான். அதில் படத்தையோ எண்ணையோ வைத்துவிட்டு, ‘கைடேட்டா’ போட்டுத் திருப்பிச் சேமிக்காவிட்டால் அடுத்த பட்டனுக்கு அது தெரியாது. காந்திபுரத்து புராஜெக்ட் சென்டர்களில் ரெவ்யூவுக்கு முந்தின ராத்திரி கண் சிவக்க உட்கார்ந்திருந்த பையன்களில் பலருக்கு அந்த ஒரு வரிதான் பாக்கியாக இருந்தது. அங்கேயே பகுதி நேரமாக வேலை பார்த்த ஒரு பெண்தான் இப்போது என்னோடு வருகிறவர்களில் கெட்டிக்காரி. அந்த ஒரே பிழையை அத்தனை பேருக்குத் திருத்தித் திருத்தி, ஃபங்ஷனைப் படிப்பதற்கு முன் அதன் கைக்கு என்ன வந்தது என்று பார்க்கிற பழக்கம் அம்மணிக்கு வந்துவிட்டது.

தப்பான நேரத்தில் வரும் கால்பேக், இரண்டு தடவை வரும் கால்பேக், இவற்றையெல்லாம் லாகில் பிடித்துவிடலாம். வராமல் போகிற கால்பேக்கை எப்படிப் பிடிப்பது? வராதது லாகில் எழுதாது. 2008-லிருந்து சில வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆட்டிப் படைத்தது, 2012-ல் சொல்லவே வேண்டாம். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும், இண்டிகேட்டர் இருக்காது, அல்லது ஜெனரேட்டர் மாறும்போது யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். பிழைத்தாலும் புரோகிராம் திறந்து வைத்திருந்த பழைய இணைப்பு செத்தது செத்ததுதான். கன்வெர்ட்டர்களிலும் போலி அதிகம். 2014 அக்டோபரில், கன்வெர்ட்டர் சிப் செய்கிற எஃப்டிடிஐ கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்து ஊமையாக்கிவிட்டது. உலகம் முழுக்க கூச்சல். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: எடை வருவது நின்றுவிடும், ஆன்காம் கூப்பிடப்படாது, பிழை என்று எதுவும் வராது. ஸ்கிரீனில் கடைசியாக வந்த எடை அப்படியே நிற்கும். முந்தைய லாரியின் எடை. அடுத்த லாரி ஏறுகிறது, எண் அசையவில்லை, ஆபரேட்டர் போனில் பேசிக்கொண்டே சேவ் அமுக்குகிறார்.

இதற்கு நான் வைப்பது ஒரு காவல் டைமர். கடைசியாக முழு எடை எப்போது வந்தது என்று ஆன்காம் நேரத்தைக் குறித்துவைக்கும். டைமர் ஒவ்வொரு நொடியும் அதைப் பார்க்கும். மூன்று நொடிக்கு மேல் பழசாகிவிட்டால் எடை இருந்த இடத்தை வெறுமையாக்கி, ‘இண்டிகேட்டர் தொடர்பு இல்லை’ என்று சிவப்பில் எழுதி, சேவ் பட்டனைச் சாகடிக்கும். எழுத இருபது வரி கூட ஆகாது. ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பாடு.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டி வண்டிகள் வருகிற ஒரு மேடை. இதைப் போட்டுவிட்டு வந்த அடுத்த வாரமே முதலாளி போன்.

“ஏனுங் தம்பி, முன்னெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லீங்க. நீங்க வந்து போன பொறவு தெனம் ரெண்டு தடவ செவப்பாகிக் கத்துதுங்க. பழைய மாதிரியே வச்சுக் குடுத்துருங்க.”

“கத்தறப்ப இண்டிகேட்டர்ல எடை ஓடுதுங்ளாண்ணா?”

“அதுல நல்லாத்தான் ஓடுது. உங்க ஸ்கிரீன்லதான் வர்றதில்ல.”

போய்ப் பார்த்தோம். கேபினின் மூலையில், மேசைக்கும் சுவருக்கும் நடுவே கேபிளை எலி கடித்திருந்தது. உறை போய்ச் செப்புக் கம்பி தெரிந்தது. கனமான வண்டி மேடை ஏறும்போது கேபின் லேசாக அதிரும், தொடர்பு விட்டுப் போகும், இறங்கும்போது சேரும். எலி கடித்து எத்தனை மாதம் ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மணி முதலாளியின் பழைய டேட்டாபேஸைத் திறந்து, அடுத்தடுத்த இரண்டு வண்டிக்கு ஒரே எடை விழுந்த சீட்டுகளை மட்டும் வடிகட்டி எடுத்தார். ஒரு பக்கம் நிறைய வந்தது. முதலாளி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வண்டி நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சிலதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், ஒன்றிரண்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கேபிளை பிவிசி பைப்புக்குள் விட்டுச் சுவரோடு கிளிப் அடித்தோம். பைப்புக்கும் கிளிப்புக்கும் எலக்ட்ரீஷியன் கூலிக்கும் உடனே பணம் கொடுத்துவிட்டார். என் பில்லை மட்டும் அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாங்க என்றார்.